இந்தக் கடனைக் கொடுக்க நான் சம்மதித்ததில்லை: பெரிய நிறுவனங்களின் கொள்முதல், நிதிப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவிலும் நிதிப் பிரிவிலும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கணினியில் ஓடும் சி.என்.சி. மெஷின் இரண்டு, மூன்று பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஏழு ஆட்கள். பம்ப்புக்கும் மோட்டாருக்கும் போகிற ஷாஃப்ட், புஷ் மாதிரியான பாகங்களைக் கடைந்து கொடுப்பது தொழில். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. உங்கள் கேட்டில் பெயரை எழுதி, ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்து நான் காத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் சில மாதங்கள் தேறும். அங்கே தினம் ஒரு பொன்மொழி எழுதுகிற வெள்ளைப் பலகை ஒன்று இருக்கும். போன முறை வந்தபோது நேர்மையைப் பற்றி நல்ல கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். நான் வந்திருந்தது நான்கு மாதத்துக்கு முந்தைய பில்லுக்குப் பணம் கேட்க.

இது பணம் கேட்டு எழுதும் கடிதம் இல்லை. அதற்குத் தனியாக மெயில் போட்டிருக்கிறேன், பதில் வராத மெயில். வேறொரு விஷயம் பேச வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வாரச் சம்பளம்தான் வழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் மெஷினைத் துடைத்து, தரையில் கிடக்கும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளிவிட்டு, ஆட்கள் கை கழுவிக்கொண்டு வரும்போது பணம் தயாராக இருக்க வேண்டும். பீகாரிலிருந்து வந்திருக்கும் பையன்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் திங்கட்கிழமை குழுத் தவணை. அவர்களிடம் போய் '120 நாள் கிரெடிட்' என்று சொல்ல முடியுமா? மின்வாரியத்திடம் சொன்னால் பியூஸைப் பிடுங்கிவிட்டுப் போய்விடுவார்கள். இரும்புக் கடையில் சொன்னால் சிரிப்பார்கள். இந்த வரிசையில், காத்திருக்கச் சொன்னால் எந்தக் கேள்வியும் கேட்காமல் காத்திருக்கும் ஒரே ஆள் நான்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 60 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்யும் ஒரு பட்டறை என்று வையுங்கள். 45 நாளில் வர வேண்டிய பணம் 120 நாளில் வருகிறது. கூடுதலாக 75 நாள். அப்படியென்றால் எந்த நாளில் எடுத்துப் பார்த்தாலும் சுமார் 12 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய் உங்களிடம் நின்றுகொண்டிருக்கிறது. அந்த ஓட்டையை பேங்க் ஓ.டி.யில், அதாவது கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுக்க பேங்க் விடும் கடனில், அடைத்தால், 12 சதவீத வட்டிக்கு, வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் போகும். ஓ.டி. லிமிட் ஏற்கெனவே முட்டி நிற்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. வெளியே இரண்டு வட்டிக்குத்தான் வாங்க வேண்டும், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். வருடத்துக்கு 2 லட்சத்து 96 ஆயிரம் ஆகிறது. எங்கள் தொழிலில் எல்லாம் போக நூற்றுக்கு ஐந்து ரூபாய் மிஞ்சினாலே அது நல்ல வருடம். 60 லட்சத்துக்கு ஐந்து சதவீதம் 3 லட்சம். வட்டி போக முதலாளிக்கு மிச்சம் 4 ஆயிரம் ரூபாய். வருடத்துக்கு.

இதே கணக்கை உங்கள் பக்கம் திருப்பிப் போடுங்கள். இப்படி 200 பட்டறைகள் உங்கள் வெண்டர் பட்டியலில் இருந்தால் 24 கோடியே 66 லட்சம் ரூபாய் உங்களிடம் வட்டியில்லாமல் புரள்கிறது. ஜாமீன் கிடையாது, டாக்குமென்ட் கிடையாது, பேங்க் மேனேஜர் முன்னால் போய் உட்கார வேண்டியதும் கிடையாது. உங்கள் உலகத்தில் இதற்கு மரியாதையான பெயர் இருக்கிறது, நடைமுறை மூலதன மேலாண்மை. பணம் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாட்கள் போன வருடத்தைவிடக் கூடினால் அது நிதிப் பிரிவின் சாதனையாகப் பார்க்கப்படுகிறது. கூடிய ஒவ்வொரு நாளும் எங்கேயோ ஒருவன் சனிக்கிழமைக்குப் பணம் தேடி அலைந்த நாள் என்பது அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் வராது.

ஜி.எஸ்.டி. விஷயம் இதைவிட வேடிக்கை. ஒரு லட்சத்துக்கு பில் போட்டால் 18 ஆயிரம் வரி. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவன் அதை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், நீங்கள் பணம் தந்திருந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி. தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. நான் கைக்காசைப் போட்டுக் கட்டிய அந்த 18 ஆயிரத்தை நீங்கள் உள்ளீட்டு வரி வரவாக எடுத்து உங்கள் வரியில் கழித்துக்கொள்கிறீர்கள். 180 நாளுக்குள் எனக்குப் பணம் தராவிட்டால் கழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, 170ஆம் நாள் வாக்கில் சில அலுவலகங்களில் திடீரென்று ஒரு சுறுசுறுப்பு வந்துவிடுகிறது.

பொருளாதாரம் படித்தவர்கள் ஒன்று சொல்வார்கள்: இரண்டு பேர் மனமுவந்து பேசி முடித்த விலைதான் நியாயமான விலை. சரி, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் கொள்முதல் பிரிவோடு ஒரு புஷ்ஷுக்கு 25 பைசா கூடக்குறைய என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். டீ ஆறிப்போகும் அளவுக்குப் பேசியிருக்கிறேன். கடைசியில் ஒரு விலைக்குச் சம்மதித்தேன், கையெழுத்தும் போட்டேன். நாட்களுக்கு எப்போது சம்மதித்தேன்? நீங்கள் தரும் பி.ஓ.வில், அதாவது கொள்முதல் ஆணையில், 45 நாள் என்றுதான் அச்சடித்திருக்கிறது. 75 நாள் தள்ளிப்போடுவது, இரண்டு வட்டிக் கணக்கில், நூறு ரூபாயில் ஐந்து ரூபாயைக் குறைப்பதற்குச் சமம். பேசி முடித்த விலையை, சரக்கு உங்கள் கைக்கு வந்த பிறகு, என்னைக் கேட்காமல் இன்னொரு முறை குறைக்கிறீர்கள். முதல் முறை குறைத்ததற்குப் பெயர் பேரம். இரண்டாவது முறை குறைப்பதற்கு நல்ல பெயர் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

என் அப்பா காங்கேயம் பக்கம் விவசாயம் பார்த்தவர். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட என்ன விலை என்று தெரியாது. பேரத்தில் பொய் இருக்கும், நடிப்பு இருக்கும், மாட்டுக்கு இல்லாத குறையெல்லாம் சொல்வார்கள். சந்தை ஒன்றும் புண்ணியத் தலம் இல்லை. ஆனால் விலை முடிந்துவிட்டால் அதோடு சரி. அச்சாரம் கொடுத்தவன் சொன்ன நாளில் மீதியோடு வந்து நிற்பான். கயிறு கை மாறும்போது பணமும் கை மாறும். மாட்டை ஓட்டிக்கொண்டு போய் நான்கு மாதம் ஏர் பூட்டி உழுதுவிட்டு, அப்புறம் 'ஹெட் ஆபீஸில் அப்ரூவல் ஆகலைங்க' என்று சொன்னவனை நான் பார்த்ததில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. சிறு தொழில்களுக்கான தாமதப் பணத்துக்கு வட்டி தர வேண்டும் என்று 1993லேயே ஒரு சட்டம் வந்தது. அதை எடுத்துவிட்டு 2006ல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டம் வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டும் கூட்டு வட்டி. 2024ல் பேங்க் ரேட் 6.75 சதவீதம் என்றால் எனக்கு 20.25 சதவீதம் வர வேண்டும். அந்த வட்டியைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்கவும் உங்களுக்கு வழியில்லை. புகார் செய்ய வசதியாக்க மன்றம் கோவையிலேயே இருக்கிறது. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். தீர்ப்பு பிடிக்காமல் நீங்கள் கோர்ட்டுக்குப் போனால் முக்கால்வாசித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். காகிதத்தில் இதைவிட நல்ல பாதுகாப்பு வேண்டுமா?

இந்த இருபத்திரண்டு வருடத்தில் தாமத வட்டி என்று ஒரு ரூபாய் நான் வாங்கியதில்லை. கேட்டதும் இல்லை. கேட்டால் ஒருவேளை பணம் வரும். அடுத்த பி.ஓ. வராது. உங்களுக்கு என் மாதிரி 200 பேர், எனக்கு உங்கள் மாதிரி மூன்று பேர். இந்த எண்ணிக்கை வித்தியாசத்தை எந்தச் சட்டத்தாலும் நேராக்க முடியவில்லை. அதனால்தான் உங்கள் மனசாட்சியோடு பேச வந்திருக்கிறேன். வேறு வழி இருந்தால் அதைத்தான் முதலில் முயன்றிருப்பேன்.

2023 நிதிச் சட்டத்தில் இன்னொரு கொக்கியும் மாட்டினார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத பணத்தை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, எப்போது கொடுக்கிறீர்களோ அந்த வருடத்தில்தான் கழிக்கலாம் என்றார்கள். 2024 மார்ச் மாதம் மறக்க முடியாதது. வருடக்கணக்கில் கேட்டும் வராத பணமெல்லாம் இருபது நாளில் வந்தது. அப்படியென்றால் பணம் எப்போதும் இருந்திருக்கிறது, இல்லையா? என்னை உறுத்தியது அது இல்லை. அதே வருடம் பிப்ரவரியில் இன்னொரு கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. 'உங்க உதயம் பதிவை கேன்சல் பண்ணிட்டு ஒரு லெட்டர் கொடுத்துடுங்க, இல்லைன்னா ஆர்டர் தொடர்றது கஷ்டம்.' உதயம் என்பது நான் சிறு தொழில்காரன் என்று அரசிடம் செய்திருக்கும் பதிவு. போனில் பேசிய பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தயங்கித் தயங்கித்தான் சொன்னது, பாவம். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எளியவனைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்தால், நீ எளியவன் என்கிற அட்டையைக் கிழித்துப் போட்டுவிடு என்று சொல்ல வைத்தது யார்? மேலே ஒரு கூட்டத்தில் யாரோ இதை ஒரு யோசனையாகச் சொல்லியிருப்பார்கள். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டியிருப்பார்கள். அவர்களில் ஒருவராவது இதைப் படிக்கக்கூடும்.

இந்த மாதிரிக் காரியங்கள் யார் செய்ததாகவும் இல்லாமலே நடந்துவிடுகின்றன. கொள்முதல் பிரிவில் கேட்டால், சரக்கு வரவு போட்டாயிற்று, நிதிப் பிரிவைக் கேளுங்கள் என்பார்கள். அங்கே கேட்டால் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வரவில்லை. குவாலிட்டியில் கேட்டால் போன வாரமே அனுப்பியாயிற்று. கடைசியில் எல்லாரும் கை காட்டுவது சிஸ்டத்தை. 'சிஸ்டம் மாசம் ஒரு தடவைதான் பேமென்ட் ரன் எடுக்கும்.' மூன்றாம் தேதி இறங்கிய சரக்குக்குப் பதினெட்டாம் தேதி வரவு போடுவதும், பில்லை அடுத்த மாதத் தேதியில் மாற்றிப் போடச் சொல்வதும், பணம் தரும் நாள் நெருங்கும்போது எப்போதோ இறங்கிய லாட்டுக்குக் குறை சொல்லித் தொகையைக் கழிக்கும் டெபிட் நோட் அடிப்பதும் சிஸ்டம் தானாகச் செய்யாது. குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்களில் யாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய ஐந்நூறு ரூபாயை நான்கு மாதம் இழுத்தடிக்க உங்களில் ஒருவருக்கும் மனம் வராது. கம்பெனி கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் அந்த மனம் எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

புரியவில்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. போன ஆடியில் எனக்கே அது நடந்தது. பாகங்களுக்கு பிளேட்டிங், அதாவது உலோகப் பூச்சு, போட்டுத் தரும் ஒருவருக்கு 18,500 ரூபாய் தர வேண்டியிருந்தது. எழுபது நாள் ஆகிவிட்டது. மனுஷன் மொபெட்டில் வந்து வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல், 'அடுத்த வாரம் பாக்கலாங்க' என்றேன். அவரும் சரிங்க என்று கிளம்பிவிட்டார். அவர் தெரு முனை திரும்பும்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அது உங்கள் வாசகம். அதே தொனியில் சொல்லியிருந்தேன். அவர் பட்டறையில் நான்கு பேர். அமிலத் தொட்டியில் வேலை. அந்த வாரம் அவர் யாருக்கு அடுத்த வாரம் என்று சொன்னாரோ தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை பணத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதனால் நான் நல்லவனாகிவிடவில்லை, எழுபது நாள் எழுபது நாள்தான்.

உங்கள் பக்க நியாயமும் தெரியும். அரசுத் துறைக்குச் சப்ளை செய்துவிட்டு நீங்களும்தான் காத்திருக்கிறீர்கள். வெளிநாட்டு வாடிக்கையாளன் 90 நாள் கேட்கிறான். ஆனால் உங்களுக்கு பேங்க் கடன் கொடுக்கிறது, என்னைவிடக் குறைந்த வட்டிக்கே கொடுக்கிறது. சங்கிலியில் எந்தக் கண்ணி இழுவையைத் தாங்குமோ அதுதானே தாங்க வேண்டும்?

எல்லாரும் இப்படி என்று சொன்னால் பாவம் வந்து சேரும். முப்பதாம் நாள் பணம் போடும் கம்பெனி ஒன்றும் என் பட்டியலில் இருக்கிறது. அவர்களுக்கு நூறு ரூபாய் வேலையை 97க்குச் செய்து தருகிறேன், அவர்கள் கேட்காமலே. அவசரம் என்று இரவு போன் வந்தால் அவர்கள் வேலைதான் முதலில் மெஷினில் ஏறும். 120 நாள்காரர்களுக்கு விலை போடும்போது வட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் விலைக்குள் செருக நானும் கற்றுக்கொண்டுவிட்டேன். செருக முடியாதபோது வேறு எதில் கை வைப்பது என்று தோன்றும். டூல் மாற்ற வேண்டிய நேரத்தில் இன்னும் ஐம்பது பீஸ் ஓட்டலாமா என்று தோன்றும். நான் ஓட்டியதில்லை. ஆனால் தோன்றியிருக்கிறது. அந்த ஷாஃப்ட் ஏதோ ஒரு கிணற்று மோட்டாரில் ஓடப்போகிறது.

உங்கள் ஆண்டறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. என் மகன் இணையத்திலிருந்து எடுத்துத் தருவான். 2021 ஏப்ரலிலிருந்து, கொடுக்க வேண்டிய பாக்கியை எத்தனை வருடம் பழையது என்று வயதுவாரியாக, எம்.எஸ்.எம்.இ.க்குத் தனியாக, பிரித்துக் காட்ட வேண்டும். அந்த அட்டவணை பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தில் வழவழப்பான தாளில், சமூகப் பொறுப்பு நிதியில் கட்டிக்கொடுத்த பள்ளிக் கழிவறையும் ரிப்பன் வெட்டும் படமும் இருக்கும். மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் அதற்குப் போகிறது, நல்லது, பள்ளிக்கூடத்துக்குக் கழிவறை வேண்டும்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு ஊரில் ஒரு பெரியவர் ஞாபகம் வரும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு லட்ச ரூபாய் எழுதுவார், பாத்திரக்கடை பாக்கியைத் தரமாட்டார். கல்வெட்டில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. பாத்திரக்கடை இல்லை.

என்ன செய்யச் சொல்கிறேன்? பெரிதாக ஒன்றும் இல்லை. சரக்கு இறங்கிய அன்றே வரவு போடுங்கள். 45 நாள் அந்தத் தேதியிலிருந்து ஓடட்டும். குறை இருந்தால் பதினைந்து நாளுக்குள் சொல்லுங்கள், திருத்தித் தருகிறோம் அல்லது ஏற்றுக்கொள்கிறோம். சிறு தொழில்களின் பில்லுக்கு பேங்க்குகள் தள்ளுபடி கழித்து முன்கூட்டியே பணம் தரும் ட்ரெட்ஸ் இணையத் தளத்தில் பதிவு செய்வது 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமாகிவிட்டது. பதிவோடு நிற்காமல் எங்கள் பில்களை அதில் ஏற்று ஒப்புதல் கொடுங்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட பில்லுக்கு பேங்க்குகள் போட்டி போட்டுப் பணம் தருகின்றன. 45 நாளுக்கு அப்பால் நீங்கள் கெடு கேட்டால் அந்த நாட்களின் தள்ளுபடி வட்டியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், இப்போது அதையும் நான்தான் கட்டுகிறேன். அப்புறம், நிதிப் பிரிவுக்கு வருட இலக்கு எழுதும்போது, பணம் தரும் நாட்களைக் கூட்டியதற்கு மதிப்பெண் போடும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். என் பெயரும் இருக்காது. எழுதி முடித்ததும் மனைவியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, 'பேரு போட்றாதீங்க' என்று மட்டும் சொன்னாள். இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு நோட்டை எழுதுவது அவள்தான்.

இப்படிக்கு,
உங்கள் வெண்டர் பட்டியலில் ஒருவன்,
கணபதி, கோவை.

பின்குறிப்பு: நாளை சனிக்கிழமை.